எழுதப்பட்ட நினைவு: ‘மெமெண்டோ’ திரைப்படத்தில் சான்றும் ஐயமும்

கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய ‘மெமெண்டோ’ 2000ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பெற்றது. அதுமுதல் இப்படம் குறித்து எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி அதன் கால வரிசையையே பேசுகிறது. வண்ணக் காட்சிகள் பின்னோக்கிச் செல்கின்றன. கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கி வருகின்றன. உடனடி நிழற்படம் ஒன்று மெல்லத் துலங்கும் கணத்தில் இரண்டும் இணைகின்றன. இவ்வமைப்பு வியப்புக்குரியதே. ஆயினும் இப்படத்தில் உண்மை ஐயத்திற்கு இடமாவது இக்காலக் குலைவினால் அன்று என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். 2002இல் வெளிவந்த டிவிடி பதிப்பொன்றில் காட்சிகளை நிகழ்ந்த வரிசையிலேயே காணும் வழி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அவ்வாறு கண்டாலும் தெளியாத ஒன்று எஞ்சி நிற்கிறது. அந்த ஒன்று எது, தெளிந்துவிடுவது எது என்று பிரித்தறிவதே திறனாய்வின் பணி. ‘எல்லாமே ஐயம்’ என்று கூறி அமைவது எளிது. அது படத்துக்கு நீதி செய்வதாகாது.

கதைத்தலைவன் லெனார்ட் ஷெல்பி, காப்பீட்டு நிறுவனமொன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளின் மெய்ம்மையை ஆராய்ந்தவன். தன் மனைவி தாக்கப்பட்ட இரவில் தலையில் அடிபட்ட பின்னர், அவனிடம் புதிய நினைவு எதுவும் சில நிமிடங்களுக்கு மேல் தங்குவதில்லை. ‘ஜான் ஜி.’ என்ற பெயர்க்குறிப்பை மட்டும் பற்றிக்கொண்டு கொலையாளியைத் தேடுகிறான். நிழற்படங்கள், அவற்றின்மேல் எழுதிய குறிப்புகள், உடலில் குத்திக்கொண்ட பச்சை ஆகியனவே அவனுக்கு நினைவாகின்றன. டெடி என்பவனை லெனார்ட் சுட்டுக் கொல்வதோடு படம் தொடங்குகிறது.

வேய்ன் பூத் 1961இல் முன்வைத்த ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்னும் கருத்தாக்கத்தை இங்குப் பொருத்துவோர் ஒரு முரணைக் கவனிப்பதில்லை. நினைவு நம்பத்தகாதது என்று இப்படத்தில் வாதிடுபவனே லெனார்டுதான். நினைவு அறையின் வடிவத்தையும் வண்டியின் நிறத்தையும் மாற்றிவிடும். ஆகவே எழுதப்பட்ட சான்றே மேலானது என்கிறான் அவன். இவ்வாதத்தின் முற்பகுதி உளவியல் ஏற்றுக்கொண்டதே. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், வாகன விபத்தின் காட்சியைக் கண்டோரிடம் ‘மோதின’ என்பதற்குப் பதில் ‘நொறுங்க மோதின’ என்னும் பொருள்படக் கேட்டபோது அவர்கள் மிகுந்த வேகத்தை மதிப்பிட்டனர். காட்சியில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகக் கூறியோரும் மிகுந்தனர். கேட்போரின் சொல்லே காண்போரின் நினைவை வளைக்கிறது. ஆனால் எழுத்து வளையாது என்னும் லெனார்டின் பிற்பகுதி வாதத்தைத்தான் படம் சோதனைக்கு உள்ளாக்குகிறது.

நிழற்படங்களின் அடியில் அவன் எழுதும் குறிப்புகளைத் தமிழ் வாசகர் எளிதில் இனங்காண்பர். அகப்பாடலின் கீழ் நின்று, ‘இன்னார் இன்னார்க்குக் கூறியது’ எனப் பாடலை நாம் வாசிக்கும் வழியை முன்னரே வகுத்துவிடும் கூற்றுக் குறிப்பு போன்றவை அவை. டெடியின் படத்தில், அவன் பொய்களை நம்பாதே என்னும் குறிப்பு உள்ளது. அதன்பின் டெடி கூறும் எதுவும் பொய்யாகவே கேட்கிறது. குறிப்பை எழுதியவர் யார், எந்நிலையில் எழுதினார் என்று நாமும் வினவுவதில்லை. தன் கையெழுத்து என்பதனால் லெனார்டும் வினவுவதில்லை.

இதன் கொடுமை நாதலி வீட்டுக் காட்சியில் முழுமையாக வெளிப்படுகிறது. அவள் முதலில் வீட்டிலுள்ள எழுதுகோல்களையெல்லாம் எடுத்து மறைத்துவிடுகிறாள். பின்னர் அவனைப் பயன்படுத்திக்கொள்ளப் போவதை அவன் முகத்துக்கு நேரே சொல்லி, இறந்த மனைவியை இழித்துப் பேசி, அவன் கையால் அடிபடுகிறாள். வெளியே சென்று வண்டியில் அமர்ந்து காத்திருக்கிறாள். உள்ளே அவன் மறப்பதற்குள் எழுதிவிட எழுதுகோல் தேடித் தவிக்கிறான். சில நிமிடங்களில் அவள் மீண்டும் நுழைந்து, வேறொருவன் தன்னை அடித்ததாக அழும்போது, அவன் அவளைப் பரிவோடு தேற்றுகிறான். எழுதுகோல் யாரிடம் உள்ளதோ உண்மையும் அவரிடம் உள்ளது என்பதை வேறெந்தக் காட்சியும் இவ்வளவு எளிமையாகக் கூறவில்லை.

இப்படத்தின் கருவைத் தழுவியதாகப் பேசப்பட்ட ஏ. ஆர். முருகதாஸின் ‘கஜினி’ (2005) இவ்விடத்தில்தான் முற்றிலும் வேறுபடுகிறது. அங்கும் நிழற்படமும் பச்சையும் உள்ளன. ஆனால் சஞ்சய் ராமசாமியின் நாட்குறிப்பை ஒருவர் விரித்தவுடன் திரையில் விரியும் காதல் கதை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. கல்பனாவைக் கொன்றவன் யார் என்பது பார்வையாளருக்குத் திண்ணமாகத் தெரியும். அங்கு மறதி தலைவனுக்கு நேர்ந்த ஊறு, உண்மைக்கு நேர்ந்ததன்று. எழுத்து பொய்க்காது என்னும் நம்பிக்கையின்மேல்தான் அப்படத்தின் துயரம் நிற்கிறது. இதனைக் குறையாகக் கூறவில்லை. இரண்டும் ஒரே கதை என்னும் வழக்குரை பொருந்தாது என்பதே கருத்து.

இனி, தெளியாத அந்த ஒன்று. லெனார்ட் தொலைபேசியில் சாமி ஜாங்கிஸ் என்பவனின் கதையைக் கூறுகிறான். நினைவிழந்த சாமி, தன்னைச் சோதிக்க எண்ணிய மனைவிக்கு இன்சுலினை மீண்டும் மீண்டும் செலுத்தி, அவள் முடிவுக்குக் காரணமாகிறான். டெடியோ, சாமிக்கு மனைவியே இல்லை, நீரிழிவு உனது மனைவிக்குத்தான், அவள் தாக்குதலில் இறக்கவில்லை என்கிறான். டெடி லெனார்டைத் தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்துபவன். அவன் கூற்றும் நம்பத்தக்கதன்று. படம் இரண்டு காட்சித் துணுக்குகளைத் தருகிறது. மனைவியின் தொடையைக் கிள்ளும் கை ஊசி செலுத்தும் கையாக மாறும் துணுக்கு ஒன்று. இது டெடியின் சொல்லுக்குப் பின் எழுவதால், லாஃப்டஸ் காட்டியவாறு அச்சொல்லே விதைத்ததாகலாம். மனநல விடுதியில் அமர்ந்திருக்கும் சாமியின் முன் ஒருவர் கடந்து செல்ல, ஒரு நொடி அங்கு லெனார்ட் அமர்ந்திருப்பது மற்றொன்று. இது கறுப்பு வெள்ளைப் பகுதியில், நிகழ்ச்சி வரிசைப்படி டெடியின் வெளிப்பாட்டுக்கு முன்னரே வருகிறது. எனவே இரண்டாவது துணுக்கின் எடை மிகுதி எனத் தோன்றுகிறது. எனினும் அது தீர்ப்பாகாது. குற்றவுணர்வும் ஒருவனை அந்த இருக்கையில் அமர்த்தக்கூடும். ஹிட்ச்காக் தம் ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ (1950) படத்தில் பொய்யான பின்னோக்கு ஒன்றைக் காட்டியமைக்காகக் குறைகூறப்பட்டார். ஆனால் அங்கு அது பொய் என்று பின்னர் உறுதியாகிறது. நோலன் அவ்வுறுதியையும் தரவில்லை.

இவ்வையத்தின் நிழலில் மறைந்துபோவது, படத்தில் ஐயமே இல்லாத ஒரு செயலாகும். உண்மையான கொலையாளியை ஓராண்டுக்கு முன்பே கொன்றுவிட்டாய் என்று டெடி கூறிய பின், லெனார்ட் வெற்றிக் களிப்போடு தான் நிற்கும் நிழற்படத்தை எரிக்கிறான். டெடியின் வண்டி எண்ணைக் கொலையாளியின் வண்டி எண்ணாகப் பச்சை குத்திக்கொள்ள எழுதிவைக்கிறான். பொய்களை நம்பாதே என்னும் அக்குறிப்பும் இப்பொழுதுதான் எழுதப்படுகிறது. இக்கணத்தில் அவனுக்கு மறதி இல்லை. தான் செய்வது என்னவென்று அறிந்தே, அறியாதவனாகப் போகும் தன் நாளைய கைக்கு அவன் துப்பாக்கியைத் தருகிறான். கொல்பவன் அறியான், எழுதியவன் அறிவான், இருவரும் ஒருவரே. நோயைக் காட்டி அவனுக்காக வாதாடுவோர் இச்சில நிமிடங்களுக்கு விடை கூறவேண்டும்.

அதன்பின் வண்டியை ஓட்டியபடியே அவன் கண்களை மூடுகிறான். மனைவி அவன் மார்பில் சாய்ந்திருக்கிறாள். வெறுமையாக இருந்த அவ்விடத்தில், செய்து முடித்தேன் என்னும் பொருள்படும் பச்சை தெரிகிறது. மனைவி உயிரோடிருக்க அவனுக்குப் பழிவாங்கும் தேவை இல்லை. பழிவாங்கிய பின் சாய்ந்திருக்க மனைவி இல்லை. நிகழ்ந்திருக்கவே இயலாத அக்காட்சியை வேறெந்த நினைவுக்கும் குறையாத தெளிவோடு காட்டிவிட்டுப் படம் அவனைப் பச்சை குத்தும் கடையின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.