வேலைமேசையில் ஒரு வெடிப்பொருள்

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகவோ வேட்டைக்காகவோ கைக்கொண்ட பலரின் வீட்டுக் கராஜில் ஒரு கனமான மேசையும், அதில் போல்ட் போட்டு இறுக்கிய கைப்பிரஸ் ஒன்றும் இருக்கும். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டிலிருந்து பழைய ப்ரைமரை எடுத்துவிட்டு, கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தி, புதிய ப்ரைமரைப் பொருத்தி, துப்பாக்கி மருந்தை அளந்து கொட்டி, வாயில் குண்டைச் செருகினால் தோட்டா மறுபடி தயார். சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய மத்திய அரசின் உரிமம் வேண்டியதில்லை. விற்பனைக்குச் செய்தால்தான் உரிமம்.

இப்படிச் செய்யும் தோட்டாவின் நான்கு உறுப்புகளில் கூடும் குண்டும் வெறும் உலோகம். புகையற்ற மருந்து, திறந்த இடத்தில் தீப்பட்டால் சீறி எரியுமே தவிர வெடிக்காது. அடியில் பொருத்தும் ப்ரைமர் மட்டும்தான், கையில் இருக்கும்போதே அடிபட்டால் வெடிக்கக்கூடியது. தீபாவளிக்குப் பிள்ளைகள் சுத்தியலால் தட்டும் கேப் போல, அடித்தால் வெடித்து மருந்தைப் பற்றவைப்பதுதான் அதன் வேலையே. ஆனால் வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்கள் மருந்தின் எடைக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட ப்ரைமருக்குக் கொடுப்பதில்லை. மருந்தை இரண்டு முறை நிறுப்பவர், ப்ரைமர்களைக் கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைப்பார். இந்தப் பழக்கத்தின் மிகப் பெரிய குறை இதுதான்.

குறையைச் சொல்லுமுன் நிறையைச் சொல்லிவிட வேண்டும், அது பெரியது. ஒரு தோட்டாவில் விலை கூடிய பகுதி பித்தளைக் கூடு. அதைப் பலமுறை பயன்படுத்த முடிவதால் செலவு குறைகிறது. அதைவிட முக்கியமானது துல்லியம். ஒவ்வொரு துப்பாக்கிக் குழலுக்கும் ஒரு மருந்தளவும் குண்டின் ஆழமும் ஒத்துப்போகும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஆலைத் தோட்டாவால் ஆகாது. மேசைமேல் துப்பாக்கியைச் சாய்த்து மிகச் சிறிய வட்டத்துக்குள் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் கையால் நிரப்பிய தோட்டாக்களே ஆள்கின்றன. ஆலைகள் கைவிட்ட பழைய ரகத் துப்பாக்கிகளும் இந்த மேசைகளால்தான் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

இவ்வளவும் சாத்தியமானதற்கு ப்ரைமரின் வடிவமும் ஒரு காரணம். 1866 வாக்கில் இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸரும் அமெரிக்காவின் ஹைரம் பெர்டனும் தனித்தனியே இரண்டு வடிவங்களை உருவாக்கினார்கள். பெர்டன் முறையில் கூட்டின் அடியில் தீ போக ஓரமாக இரண்டு சிறு துளைகள். பாக்ஸர் முறையில் நடுவில் ஒரே துளை. அதன் வழியே ஊசியை இறக்கிப் பழைய ப்ரைமரைத் தள்ளிவிடலாம். ஆங்கிலேயரின் வடிவம் அமெரிக்காவில் வேரூன்றியது, அமெரிக்கரின் வடிவம் ஐரோப்பாவில் பரவியது. அந்த ஒற்றைத் துளை அமெரிக்க வீடுகளில் மறுநிரப்பலை எளிதாக்கிவிட்டது.

எளிதான அந்த வேலையில் ஆபத்து நுழையும் இடங்கள் சிறியவை. ராணுவத் தோட்டாக்களின் கூடுகளில், ப்ரைமர் கழன்றுவிடாதபடி அதன் குழியின் விளிம்பை நெரித்து மூடியிருப்பார்கள். அந்த நெரிப்பை வெட்டியோ அழுத்தியோ நீக்காமல் புதிய ப்ரைமரைப் பலவந்தமாகத் திணித்தால் அது சாய்ந்து நசுங்கும். சில நேரம் அங்கேயே வெடிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாதவரின் கண்ணுக்கு அதிலிருந்து தெறிக்கும் உலோகத் துணுக்கு ஒன்று போதும்.

குழியில் முழுதாக இறங்காமல் ஒரு மயிரிழை வெளியே நிற்கும் ப்ரைமர் இதைவிட மோசமானது. அது மேசையில் ஒன்றும் செய்யாது, துப்பாக்கிக்குள் போகும்வரை காத்திருக்கும். எம்1 கரண்ட் போன்ற அரைத் தானியங்கி ரைபிள்களில் சுடும் ஊசியைப் பிடித்து வைக்கும் சுருள்வில் கிடையாது. தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டு மூடும் வேகத்திலேயே ஊசி முன்னே வந்து ப்ரைமரை லேசாகத் தொடும். ப்ரைமர் சரியாக இறங்கியிருந்தால் சிறு தழும்போடு போகும். வெளியே நின்றால், அல்லது மெல்லிய உலோகத்தால் ஆனதாக இருந்தால், விசையைத் தொடாமலே குண்டு பாயலாம். இதற்காகவே சிசிஐ நிறுவனம் ராணுவத் தர உணர்திறன் கொண்ட 34 என்ற எண்ணுள்ள ப்ரைமரைத் தனியே விற்கிறது. பெரிய ரைபிள் ப்ரைமரும் பெரிய கைத்துப்பாக்கி ப்ரைமரும் ஒரே அகலம், ஆனால் ரைபிளுக்கானது சற்று உயரம். பெட்டி மாறி அதைக் கைத்துப்பாக்கிக் கூட்டில் பொருத்தினால் அதுவும் வெளியே நிற்கும். நிரப்பிய தோட்டா ஒவ்வொன்றின் அடியையும் விரல் நுனியால் தடவிப் பார்ப்பதற்கு ஈடான பரிசோதனை வேறில்லை. அதைச் செய்யாதவர் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

வேகம் சேரும்போது கணக்கே மாறிவிடுகிறது. ஒரு கைப்பிடி இழுப்புக்கு ஒரு தோட்டா தரும் புரோகிரசிவ் பிரஸ்களில், ப்ரைமர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நூறு வரை ஒரு குழாயில் அடுக்கப்படுகின்றன. கீழே ஒன்று நசுங்கி வெடித்தால் தீ மேலே உள்ளவற்றையும் பிடிக்கக்கூடும். அரிசோனாவின் டில்லன் நிறுவனம் அந்தக் குழாயைச் சுற்றி இன்னொரு உலோகக் கவசக் குழாயைப் பொருத்தியது இதற்காகத்தான். ப்ரைமர் பொருத்தும் கைக்கருவிகளிலும் இப்படிப்பட்ட பாதுகாப்பு உண்டு. ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் கருவியில், பொருத்தப்படும் ப்ரைமருக்கும் தட்டில் காத்திருப்பவற்றுக்கும் நடுவே ஒரு தடுப்பு வைத்தார்கள். ஒன்று வெடித்தாலும் மற்றவை தப்ப வேண்டும் என்ற எண்ணம். பாராட்டத்தக்க வடிவமைப்புதான். ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர் ஒவ்வொன்றாகக் கையால் பொருத்துவதே சரி. குழிக்குள் ப்ரைமர் இறங்கும் விதத்தை உள்ளங்கை உணர்வது அப்போதுதான்.

சேமிப்பில்தான் பழக்கம் மிகவும் பிசகுகிறது. ஆலைகள் ப்ரைமர்களைத் தனித்தனிக் குழிகளுள்ள தட்டில் அடுக்கி அனுப்புவது அழகுக்காக அல்ல, ஒன்றின் வெடிப்பு மற்றொன்றுக்குத் தாவாமல் இருக்க. புட்டியில் கொட்டிய கணத்தில் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மொத்தமும் ஒரே வெடியாக மாறலாம். 1926இல் தொடங்கப்பட்ட, தோட்டா உற்பத்தியாளர்களின் அமைப்பான சாமி இதைத் தெளிவாக எச்சரிக்கிறது. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495ஆம் நெறிமுறை, வீட்டில் 10,000 ப்ரைமர்களுக்குமேல் வைக்கக் கூடாது என்கிறது. அதற்கு எதிராக இழுக்கிறது சந்தை. ப்ரைமரைக் கூரியரில் வரவழைத்தால் ஒவ்வொரு பார்சலுக்கும் அபாயப் பொருள் கட்டணம் உண்டு. அதைப் பங்கிட ஆயிரக்கணக்கில் வாங்குவதே லாபம். பெருந்தொற்றுக் காலத்தில் கடை அலமாரிகள் காலியானபோது பதுக்கும் மனநிலை இன்னும் வளர்ந்தது. சிலர் வெடித்துப்போன ப்ரைமரைப் பிரித்து ரசாயனம் நிரப்பிப் பார்க்கவும் துணிந்தார்கள். அதை மறுநிரப்பலின் நீட்சி என்று ஏற்க முடியாது. அது வீட்டிலேயே வெடிமருந்து தயாரிப்பது. ஆலைகள் தொலைவிலிருந்து, கவசத்துக்குப் பின்னால், ஈரமாக வைத்துச் செய்யும் வேலையைச் சமையலறையில் செய்வதற்கு எந்தத் தட்டுப்பாடும் நியாயம் ஆகாது.

ஓசையில்லாத ஆபத்து ஒன்றும் உண்டு. இன்றைய ப்ரைமர்களில் பெரும்பாலானவற்றின் அடிப்படை லெட் ஸ்டிஃப்னேட், அதாவது ஈயச் சேர்மம். வெடித்தபின் அந்த ஈயம் கூட்டுக்குள் கரியோடு ஒட்டியிருக்கும். கூடுகளைச் சுழற்றித் துலக்கும் இயந்திரத்திலிருந்து எழும் தூசி அதைக் காற்றில் கலக்கும். தரையில் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இது சிறிய விஷயம் அல்ல. தண்ணீரில் துலக்குவதும், கையை நன்றாகக் கழுவுவதும், மேசையை வீட்டின் வசிக்கும் பகுதியிலிருந்து விலக்கி வைப்பதும் செலவில்லாத வழிகள்.

இந்த ஆபத்துகளைச் சட்டத்தால் கையாளும் நாடுகளும் உண்டு. ஜெர்மனியில் வெடிபொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவின்கீழ், பயிற்சி பெற்றுத் தேர்வில் தேறி அனுமதி வாங்கியவரே வீட்டில் தோட்டா நிரப்பலாம். பிரிட்டனில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ப்ரைமர் விற்பனையையே கட்டுப்படுத்துகிறது. உரிய சான்றிதழைக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் தேசிய ரைபிள் சங்கம் மறுநிரப்பலுக்கு நல்ல பயிற்சி வகுப்பு நடத்துகிறது, ஆனால் அது விருப்பம் உள்ளவருக்கு மட்டும். அதைக் கட்டாயமாக்கினால், மான்டானா போன்ற பரந்த மாநிலத்தில் வகுப்புக்குப் பல மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும் என்ற எதிர்ப்பு நியாயமானது. அதற்காக எதுவுமே கேட்காமல் விடுவது சரியல்ல. முதல் ப்ரைமர் பெட்டியை விற்குமுன் கடைக்காரர் ஒரு பக்கக் கேள்வித்தாளைக் கொடுத்தால்கூடப் போதும். வெளியே நிற்கும் ப்ரைமர் என்ன செய்யும்? சிந்தியவற்றை ஏன் கையால் பொறுக்க வேண்டும், வாக்குவம் கிளீனரால் உறிஞ்சக் கூடாது? எண்ணெயில் ஊறிய ப்ரைமர் செத்துவிட்டது என்று ஏன் நம்பக் கூடாது? இவற்றுக்குப் பதில் தெரியாதவரிடம் ஆயிரம் ப்ரைமர்களை இன்று எந்தக் கேள்வியும் இல்லாமல் கொடுக்கிறார்கள்.