ஆளரவமற்ற சாலையில் இருவர்

ஒளிப்படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் தவிர்க்க இயலாத படம் ஒன்று உண்டு. பாரிஸ் மாநகரின் அகன்ற சாலைகளுள் ஒன்றான புல்வார் தியு தாம்ப்ளை, 1838-ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை எட்டு மணியளவில், லூயி டகேர் உயர்ந்த சன்னல் ஒன்றிலிருந்து பிடித்த படம் அது. முன்புறத்தில் வெயில் படிந்த சுவர்களும் கூரைகளும், அவற்றினிடையே புகைபோக்கிகள், அப்பால் மரவரிசையோடு வளைந்து செல்லும் நெடுஞ்சாலை. அச்சாலையில் வண்டியில்லை, குதிரையில்லை, மக்களும் இல்லை. கீழே இடப்பக்கத்தில், நடைபாதையின் விளிம்பில், ஒரு காலைச் சற்றே உயர்த்தி வைத்தவாறு ஒருவர் மட்டும் நிற்கிறார். 'ஒளிப்படத்தில் பதிந்த முதல் மனிதர்' என்று நூல்கள் அவரைக் கொண்டாடுகின்றன. இக்கொண்டாட்டத்தை நம்மால் முழுமனத்தோடு ஏற்க இயலவில்லை.

முதலில் அச்சாலையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். தாம்ப்ள் என்னும் பெயர், அருகே ஒரு காலத்தில் கோட்டை கட்டி வாழ்ந்த ஆலய வீரர் துறவுச் சபையால் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ துறவின் சுவடு அங்கு ஏதுமில்லை. வரிசையாக நாடக அரங்குகள். அவற்றின் மேடைகளில் அன்றாடம் கொலையும் கொள்ளையும் நடிக்கப்பட்டமையால், 'குற்றச் சாலை' என்றே பாரிஸ் மக்கள் அதனைக் கேலியாக அழைத்தனர். குற்றம் மேடையோடு நின்றுவிடவுமில்லை. 1835 சூலை 28 அன்று, அரசர் லூயி பிலிப் காவற்படையைப் பார்வையிட்டவாறு அவ்வழியே வருகையில், பியெஸ்கி என்பவன் ஒரு வீட்டு மாடியிலிருந்து பல துப்பாக்கிக் குழல்களை ஒருசேர வெடிக்கச் செய்தான். அரசர் தப்பினார், 18 பேர் மாண்டனர். அரசன் முதல் ஆண்டி வரை எல்லாரும் நடந்த சாலை அது. டகேருக்கும் அது புதிய இடமன்று. அங்கிருந்த ஆம்பிகு கொமிக் அரங்கிற்குக் காட்சித் திரைகள் தீட்டி அவர் புகழ் பெற்றிருந்தார்.

அத்தகைய சாலை படத்தில் எவ்வாறு வெறிச்சோடியது? காரணம் எளிது. மெருகேற்றிய வெள்ளித் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி, படப்பெட்டியில் வைத்து, பின்னர்ப் பாதரச ஆவியால் உருவத்தை வெளிக்கொணர்வது டகேரின் முறை. தகட்டில் உருவம் பதியச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஓடிய குதிரையும் உருண்ட வண்டியும் நடந்த மனிதரும் எங்கும் நிலைகொள்ளாமையால் தடமின்றி மறைந்தனர். சுவரின் காரையும் சன்னலின் சட்டமும் அணுவளவும் பிசகாமல் பதிந்தன. இப்படம் கூறும் ஒவ்வொரு நுணுக்கமும் மெய். ஆயினும் சாலை வெறுமை என்று அது கூறும் செய்தி பொய். பொய்யே பேசாத ஒரு சாட்சி, தான் காண இயலாதவற்றைப் பற்றி வாய் திறவாமலேயே நீதிமன்றத்தைத் திசைதிருப்பிவிடக் கூடும் அன்றோ?

சரி, அந்த ஒருவர் மட்டும் எவ்வாறு தப்பினார்? அவர் பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்வதற்காக நின்றிருந்தார். ஆகவே அவர் தனியே இல்லை. அவர் காலடியில் குனிந்தவாறு, மங்கலாய், பாதி கரைந்த நிலையில் இன்னொரு மனிதர் இருக்கிறார். நின்றவர் சும்மா நின்றார், தெளிவாகப் பதிந்தார். உழைத்தவரின் கைகள் ஓயவில்லை, ஆகையால் உருக்குலைந்தார். தகட்டின் மீது இதில் பழியேதுமில்லை; அதற்கு வேதியியல்தான் தெரியும். ஆனால் படத்தைப் பார்த்து 'ஒருவர்' என்று எண்ணியது தகடன்று, நாம்.

இவ்வெண்ணிக்கை தொடக்கத்திலேயே இவ்வாறு அமைந்துவிட்டது. பின்னாளில் தந்திமுறையால் உலகப் புகழ் எய்திய அமெரிக்கர் சாமுவேல் மோர்ஸ், 1839 மார்ச் மாதம் பாரிசில் டகேரின் தகடுகளைக் கண்டு வியந்து தம் சகோதரருக்கு மடல் எழுதினார். அடுத்த மாதமே அது நியூயார்க்கில் அச்சேறியது. எப்போதும் கூட்டம் அலைமோதும் சாலை, பூட்சைத் துலக்கிக்கொண்ட ஒருவரைத் தவிர முற்றிலும் வெறுமையாய்த் தோன்றுவதை அதில் அவர் குறிப்பிடுகிறார். அம்மனிதரின் ஒரு கால் பெட்டி மீதும் மறு கால் தரையிலும் இருந்ததைக்கூடச் சொல்கிறார். பெட்டி யாருடையது என்பது வரைக்கும் வந்த பேனா, பெட்டிக்குரியவரையும் ஓர் ஆளாகக் கூட்டிச் சொல்லவில்லை! மோர்ஸ் ஓவியர், கூர்த்த கண்ணுடையவர். கண்ணின் குறையென்று இதனை நாம் கருதவில்லை.

டகேரே ஆளமர்த்தி அவ்விருவரையும் அங்கே நிறுத்தியிருக்கக் கூடும் என்று கருதுவோரும் உளர். மேடைக்குத் திரை தீட்டியவர் ஆதலின் அவ்வூகத்தை எளிதில் தள்ள இயலாது. அவ்வாறெனினும் நம் வழக்கு மாறாது. இருவரை நிறுத்தியிருப்பார், ஒருவரையன்று.

நம் கைகளில் தவழும் அச்சுப் படத்தைப் பற்றியும் ஒரு சொல். டகேரின் தகட்டிற்கு எதிர்ப்பதிவு கிடையாது. அதிலிருந்து நேரே படிகள் எடுக்க இயலாது. கண்ணாடியில் காண்பதைப் போல இடவலம் மாறியே அதில் காட்சி பதியும். 1839-இல் டகேர் பவேரிய மன்னர் முதலாம் லுட்விக்குக்கு இதனை அன்பளிப்பாக அனுப்பினார். மியூனிக் நகரில் காக்கப்பட்ட அத்தகடு இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் சிதைந்தது. நல்வாய்ப்பாக, அச்சிதைவுக்கு முன்னரே, 1937-இல், பியூமான்ட் நியூஹால் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் அதற்கு நகல் எடுக்கச் செய்திருந்தார். இன்று நூல்களில் நாம் காண்பது அந்நகலின் வழிவந்த அச்சே. சாலையின் அரங்குகளும் 1862-இல் ஊஸ்மான் மேற்கொண்ட நகரச் சீரமைப்பில் இடித்து அகற்றப்பட்டன.

ஆக, சாலை மாறிற்று, தகடும் சிதைந்தது, நகலில் மட்டும் அவ்விருவரும் எஞ்சியுள்ளனர். அச்சுத் தரம் குறைந்த நூல்களில் குனிந்திருப்பவர் நடைபாதையின் நிழலோடு கலந்து ஒரு கறையாகவே தெரிகிறார். பதிப்பாளர்கள் படத்தின் அப்பகுதியைச் சற்றே பெரிதாக்கி அருகில் தருவார்களாயின், விளக்கக் குறிப்பில் 'இருவர்' என்று எழுதுவதற்கு அவர்களுக்குத் தயக்கமிராது.