அசையாதே என்ற மாதங்களில்

நாள் தள்ளிப்போனது உறுதியானதும் நம் வீடுகளில் மாமியாரிடமிருந்து வரும் முதல் கட்டளை, “மூணு மாசம் அசையாம இரு.” வளைகாப்பு முடிந்ததும் அதே மாமியார், “நடம்மா, குனிஞ்சு பெருக்கு, சுகப்பிரசவம் ஆகும்” என்கிறார். பிரசவத்தை மட்டும் நினைத்து அமைந்த இந்த வரிசை, கர்ப்பகாலச் சர்க்கரை விஷயத்தில் தலைகீழானது.

நடக்கச் சொல்வதில் தவறில்லை. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தமாக்குகின்றன; ஆறாம் மாதவாக்கில் அது வேகமெடுக்கிறது. வேலை செய்யும் தசையோ இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சாப்பிட்ட பின் நடப்பதற்கு அத்தனை பலன்.

ஆனால் எப்போது தொடங்குவது? 2017இல் வெளியான பெய்ஜிங் ஆய்வில், எடை கூடிய 300 கர்ப்பிணிகளில் ஒரு பாதியினர் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே நிலைச் சைக்கிள் மிதிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் 22 சதவீதத்தினருக்கும், மிதிக்காதவர்களில் 40.6 சதவீதத்தினருக்கும் சர்க்கரை வந்தது. 2012இல் வந்த நார்வே ஆய்விலோ பயிற்சி இருபதாம் வாரத்தில்தான் தொடங்கியது; அதனால் சர்க்கரை குறையவில்லை. இரு ஆய்வுகளிலும் பங்கேற்ற பெண்களின் எடையும் உடல்வாகும் வேறு வேறு. நார்வேயில் சொன்னபடி பயிற்சி செய்தவர்களும் பாதிக்குச் சற்றே அதிகம்தான். ஆகவே காலம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் தாமதம் பெரிய குறை என்பதே என் கணிப்பு.

இங்கே 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து, 140ஐத் தொட்டால் சர்க்கரை என்கிறோம். பரிசோதனையில் இருக்கும் இந்தத் துல்லியம், பிறகு வரும் “வாக்கிங் போங்க”வில் இல்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம்? வாரம் 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகமோ, நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட மூச்சு வரக்கூடாது. காய் நறுக்குவது இதில் சேராது. ரத்தப்போக்கு இருந்தாலோ நஞ்சு கீழே இறங்கியிருந்தாலோ இந்த அறிவுரையே பொருந்தாது. இவ்வளவையும் முதல் செக்கப்பிலேயே, மாமியாரையும் உள்ளே அழைத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு குறை, சர்க்கரை வந்தால் ‘நடக்காததுதான் காரணம்’ என்று பெண்மேல் போடும் பழி. குடும்பத்தில் சர்க்கரை இருப்பவருக்கும் வயது கூடியவருக்கும் ஒழுங்காக நடந்தும் அது வரலாம். உணவும் நடையுமாக இரண்டு வாரம் பார்த்தும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழே இறங்காவிட்டால் மருந்து தொடங்கச் சொல்கிறது இந்திய அரசின் வழிகாட்டுதல். “இன்னும் ஒரு மாசம் நடந்து பாக்குறேன்” என்று ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவரிடம் இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு, நடக்கச் சொன்னவருக்கே உண்டு.