குழாயை வெட்டு, ஒட்டு: மறையூர்ச் சரிவில் ரெவிட்

மறையூரில் வீடு கட்டுகிறவருக்குத் தண்ணீர் மேலிருந்து வருகிறது, சாமான் கீழிருந்து வருகிறது. ஓடையிலிருந்து கரும்புக் காட்டுக்கும் வீட்டுத் தொட்டிக்கும் கறுப்பு ஓஸ் சரிவோடு இறங்கும். உள்ளூர்க் கடையில் ஒரு கப்ளிங் கிடைக்காவிட்டால், சின்னாறு காட்டு வழியாக உடுமலைக்கோ மலையேறி மூணாறுக்கோ போகவேண்டும். இரண்டுமே 40 கிலோமீட்டர் வாக்கில். அதனால் கட்டட மாதிரி மென்பொருளிடம் இங்கே நான் முதலில் பார்ப்பது அதன் அழகுப் படத்தை அல்ல. எத்தனை துண்டு பைப், எத்தனை இணைப்பு வாங்கவேண்டும் என்று சரியாகச் சொல்கிறதா? இரண்டு மாடி விருந்தினர் விடுதி ஒன்றின் குழாய் வேலையை ஆட்டோடெஸ்க் ரெவிட்டிலும் ஃப்ரீகேடிலும் வரைந்து பார்த்தேன்.

ரெவிட்டில் 20 மீட்டர் வெந்நீர் லைனை ஒரே இழுப்பில் வரைந்துவிடலாம். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மாதிரியில் அது ஒரே பைப். கடையில் சிபிவிசி பைப் 3 மீட்டர், 5 மீட்டர் நீளங்களில் வரும். 3 மீட்டர் பைப் என்றால் 7 துண்டு, 6 கப்ளிங். அந்த 6 கப்ளிங்கில் ஒன்றுகூட அட்டவணையில் இருக்காது.

எஸ், எல் என்று இரண்டு எழுத்தைத் தட்டினால் வெட்டும் கருவி வரும். பைப்பின் மேல் ஒரு கிளிக். இரண்டு துண்டாகி, நடுவில் இணைப்பும் தானாக உட்கார்ந்துவிடுகிறது. பைப் வகையின் ரூட்டிங் பிரிஃபரன்ஸ் பட்டியலில், யூனியன் என்ற இடத்தில் எதை வைத்திருக்கிறோமோ அது வரும். அங்கே உங்கள் கடையில் கிடைக்கும் கப்ளிங்கை முதலிலேயே வைத்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் ரெவிட் பிளம்பர் யோசிப்பதைப் போலவே யோசிக்கிறது, மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் முழு லைனையும் 3 மீட்டருக்கு ஒன்றாக அதுவே வெட்டித் தராது. ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யவேண்டும், இல்லையென்றால் கூடவே வரும் டைனமோவில் நிரல் எழுதவேண்டும். நிரல் எழுதுவோர் கவனிக்க: பிரேக்கர்வ் என்ற கட்டளை பைப்பை வெட்டும், இணைப்பை வைக்காது. நியூயூனியன்ஃபிட்டிங் கட்டளையையும் தொடர்ந்து கொடுத்தால்தான் கப்ளிங் வரும். அதை விட்டுவிட்டால் திரையில் பைப் ஒட்டியிருப்பதுபோலவே தெரியும், உள்ளே தொடர்பு அறுந்து கிடக்கும். நீரோட்டக் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

ஒட்டுவது வெட்டுவதைப்போல அவ்வளவு சுலபமில்லை. கப்ளிங்கை அழித்தால் அதன் இடம் வெற்றாக நிற்கும். ஒரு பைப்பின் முனையை இழுத்து மற்றதன் முனையில் விடவேண்டும்; அல்லது டி, ஆர் தட்டி இரண்டையும் அடுத்தடுத்துத் தொடவேண்டும். ஒரே கோட்டில், ஒரே அளவில், ஒரே வகையில் இருந்தால் மீண்டும் ஒரே பைப்பாகிவிடும். அளவு மாறினால் நடுவில் ரெடியூசர் நுழையும். வாட்டம் கொடுத்த கழிவுநீர்க் குழாயில்தான் பாடு. இரு துண்டின் சரிவும் இம்மி மாறினாலும் ஒன்றுசேராமல் அடம்பிடிக்கும். இன்னொன்று, சேரும்போது ஒரு துண்டு மட்டுமே மிஞ்சுகிறது. மற்றதில் எழுதிவைத்த குறிப்புகள் அதோடு போய்விடும். ஆகவே சேர்ப்பதை எல்லாம் சேர்த்துவிட்டு அப்புறம் குறிப்பு எழுதுங்கள்.

மலைச்சரிவில் வெட்டுவதற்கு நீளம் மட்டும் காரணமல்ல. 10 மீட்டர் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் கூடும். தொட்டி 70 மீட்டர் மேலே இருந்தால், வால்வை மூடியதும் அடியில் 7 கிலோ. ஐஎஸ் 4985 தரத்தின் பிவிசி பைப்பில் 4, 6, 8, 10 கிலோ என்று வகைகள் உண்டு. மேல்பாதிக்கு 4 கிலோ போதும், கீழ்பாதிக்குப் போதாது. வகை மாறும் இடத்தில் மாதிரியிலும் வெட்டி, கீழ்த்துண்டின் வகையை மாற்றினால் இரண்டின் நீளமும் பட்டியலில் தனித்தனியாக வரும். சமவெளி வேலையில் இதன் அருமை இவ்வளவு தெரியாது.

ஃப்ரீகேட் இலவசம். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் கட்டட மாதிரிப் பகுதி உள்ளேயே சேர்ந்துவிட்டது. அதில் பொதுவாக ஒரு கோட்டை வரைந்து அதன் மேல் பைப்பை உருவாக்குகிறோம். வெட்டவேண்டுமானால் கோட்டை வெட்டி, புதுத் துண்டுக்கு மறுபடி பைப் கொடுக்கவேண்டும். எல்போவும் டீயும் போடும் கருவி இருக்கிறது. ஒரே நேர்கோட்டில் இருக்கும் இரண்டு பைப்பைக் கொடுத்தாலோ, ஏற்கெனவே நேராக இருக்கின்றன என்று சொல்லி நின்றுவிடும். கப்ளிங்கை நாமே செய்து வைக்கவேண்டும்.

இரண்டு மென்பொருளும் தாமாகக் காணாத ஒன்று உண்டு. பிவிசி பைப் பெரும்பாலும் ஒரு முனை விரிந்தே வருகிறது. அதற்குக் கப்ளிங் வேண்டாம். ஆனால் உள்ளே செருகும் அளவு ஒவ்வொரு பைப்பிலும் நீளம் குறையும். நான் அப்படிப்பட்ட பைப் லைனுக்கென்று தனி இணைப்பு ஒன்றைச் செய்து, கடைப் பட்டியலிலிருந்து அதை வடிகட்டிவிடுகிறேன்.

ரெவிட் விண்டோஸில் மட்டுமே ஓடும், ஆண்டுச் சந்தாவும் கனமானது. விலை குறைந்த ரெவிட் எல்டியில் பைப் வரையும் வசதியே இல்லை, தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். பல கட்டடங்களுக்கு வரைபவருக்கு முழு ரெவிட் வாங்கத் தகுந்தது. ஒரு வீட்டுக்கு மட்டும் என்றால் ஃப்ரீகேடில் வரைந்து, கப்ளிங்கைத் தாளில் எண்ணிக்கொள்ளலாம். எதில் வரைந்தாலும், உடுமலைக்குப் பட்டியல் அனுப்புவதற்கு முன் லைன்களைக் கடை நீளத்துக்கு வெட்டிவிடுங்கள்.