‘ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ’: ஒரு வாக்கியத்தை வாசித்தல்

பிரதி என்றால் அச்சில் இருப்பது மட்டும்தானா? ஆசிரியர் பெயரில்லாமல், பதிப்பகம் இல்லாமல், தமிழ்நாட்டு வீடுகளில் தலைமுறையாகப் புழங்கிவரும் ஒரு வாக்கியத்தை இங்கே பிரதியாக எடுத்துக்கொள்கிறேன். ‘ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டா அப்புறம் வாழ்க்கை முழுக்க நிம்மதி.’ 2006இல் பிளஸ் ஒன் சேர்ந்தபோது இதை என் அப்பா எனக்குச் சொன்னார். சென்ற ஜூனில் இதையே அக்கா மகளுக்கு நான் சொன்னேன். விடுதிப் பள்ளியிலிருந்து தொலைபேசியில் பேசினாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள்: ‘அப்ப இந்த ரெண்டு வருஷம் வாழ்க்கையில சேராதா மாமா?’

தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த மௌனத்திலிருந்து தொடங்குகிறது.

முதலில் இலக்கணம். ‘இருந்துட்டா’ என்பது ‘செயின்’ என்னும் வாய்பாட்டில் அடங்கும் வினையெச்சம். நன்னூலார் இதை எதிர்காலம் காட்டும் எச்சங்களில் வைக்கிறார். வாக்கியத்தின் பயனிலையான ‘நிம்மதி’யும் எதிர்காலத்தில்தான் இருக்கிறது. நிகழ்காலத்துக்கு இந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. பதினைந்து வயதுப் பிள்ளை எந்தக் காலத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்கிறதோ, அந்தக் காலம் அழிக்கப்பட்டிருக்கிறது. அவள் கேட்டது இலக்கணக் கேள்வி.

இன்னொன்று. பள்ளி இனிமையான இடம் என்று இந்த வாக்கியம் பொய் சொல்லவில்லை. வலிக்கும் என்று ஒப்புக்கொண்டுதான் பேசுகிறது. அது என்ன வலி, யார் கொடுப்பது என்பதைத்தான் சொல்லாமல் விடுகிறது. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையில் வலி பற்றி ஓர் உடன்படிக்கை இருக்கிறது. அதில் பிள்ளையின் கையெழுத்து இல்லை. முன்பு தேவாலயமும் குடும்பமும் இணைந்து செய்த வேலையை முதலாளியச் சமூகத்தில் பள்ளியும் குடும்பமும் செய்கின்றன என்று 1970இல் அல்தூசர் எழுதினார். அந்த இணை நம்மூரில் எந்த மொழியில் பேசும் என்று கேட்டால், இந்த வாக்கியத்தைக் காட்டலாம்.

தமிழ்நாட்டில் புகுமுக வகுப்பு போய் மேல்நிலைக் கல்வி பள்ளிக்குள் வந்தது 1978இல். அந்த ‘ரெண்டு வருஷம்’ ரெண்டாகவே நிற்கவில்லை. 2017இல் நீட் வந்தபின் ‘இன்னும் ஒரு வருஷம்’ என்று பின்னால் நீண்டது. ‘ஃபவுண்டேஷன்’ என்ற பெயரில் ஆறாம் வகுப்பு வரை முன்னாலும் நீண்டது. தள்ளிப்போடப்படும் வாழ்க்கையின் அளவு கூடிக்கொண்டே போகிறது.

நான் படித்ததும் ஒரு விடுதிப் பள்ளிதான். காலை நாலரைக்கு மணி, இரவு பத்தரைக்கு விளக்கணைப்பு. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்பையே ஓட்டினார்கள். (பல தனியார் பள்ளிகள் இதையே செய்தன என்பதால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. நோய்க்கு மருந்தாக இன்னொரு தேர்வு!) கண்காணிப்பும் தரப்படுத்தலும் தேர்வில் ஒன்றுகூடுகின்றன என்று ஃபூக்கோ சொல்வதை எம்.ஏ.வில் படித்தபோது எனக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. இரவு படிப்பு நேரத்தில் முதுகுக்குப் பின்னால் நடந்துபோன செருப்புச் சத்தம் அதை ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தது.

இத்தகைய பள்ளிகளை ‘பிராய்லர் பள்ளி’ என்கிறோம். நாமக்கல் கோழிப்பண்ணைகளோடு ஒட்டிப் பிறந்த உருவகம். நானும் எழுதியிருக்கிறேன். இப்போது கூச்சமாக இருக்கிறது. பண்ணையைத் திட்டப்போய்ப் பிள்ளைகளைக் கோழி என்று சொல்லிவிடுகிறது இந்தச் சொல். நாங்கள் கோழிகளாக இருக்கவில்லை. விளக்கணைந்த பிறகு குளியலறைத் தாழ்வாரத்து விளக்கடியில் உட்கார்ந்து, புரிந்தவன் புரியாதவனுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தான். வீட்டு ஊறுகாய் ஒரு பாட்டில் வந்தால் எட்டுத் தட்டுக்குப் போகும். அந்தத் திருட்டுக் கூட்டுவாழ்வு இல்லாவிட்டால் அங்கே பல பேர் தாக்குப்பிடித்திருக்க மாட்டோம்.

நம் எழுத்தும் சினிமாவும் இந்தக் கூட்டுவாழ்வை எப்படிப் பார்த்திருக்கின்றன? இரா. நடராசனின் ‘ஆயிஷா’வை எடுத்துக்கொள்வோம். கேள்வி கேட்டதற்காக அடிபடும் சிறுமி, அடித்தால் வலிக்காமலிருக்க ஒரு ரசாயனத்தைத் தவளைக்குச் செலுத்திப் பார்த்து, பிறகு தனக்கே செலுத்திக்கொண்டு இறந்துபோகிறாள். அழாமல் படித்தவர் குறைவு. ஆனால் அழுகையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவள் தேடியது அடியை நிறுத்தும் வழியை அல்ல, அடி உறைக்காமல் போகும் வழியை. ‘பல்லைக் கடிச்சுக்கோ’ என்பது ஆய்வுக்கூடம் வரை போய்விட்டது. இதைச் சொல்வது ஆசிரியையின் குற்றவுணர்வு. ஆயிஷாவின் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவள் என்ன நினைத்தாள் என்பது கதையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

‘சாட்டை’ (2012), ‘ராட்சசி’ (2019) இரண்டிலும் வெளியிலிருந்து ஒரு நல்லவர் வந்து, சீரழிந்த அரசுப் பள்ளியைத் தூக்கி நிறுத்துகிறார். அரசுப் பள்ளிமீது நம்பிக்கை ஊட்டியதற்கு நன்றி சொல்லலாம். ஆனாலும் இது மீட்பர் கதையாடல். பிள்ளைகள் மீட்கப்படக் காத்திருக்கிறார்கள். ‘மாணவர்களிடம் எதிர்பார்ப்பு’ என்பதற்கும் ‘மாணவர்களுடைய எதிர்பார்ப்பு’ என்பதற்கும் ஒரு வேற்றுமை உருபுதான் வித்தியாசம். நம் கதைகள் ஏழாம் வேற்றுமையிலிருந்து ஆறாம் வேற்றுமைக்கு இன்னும் வந்துசேரவில்லை.

இந்த இடத்தில் என் வாதத்தை நானே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. கூட்டுவாழ்வு, கூட்டுவாழ்வு என்கிறேனே, எந்தக் கூட்டு? தென்மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டுவதும் கூட்டுதான். மதிப்பெண்ணாக மட்டுமே தன்னை அறிந்திருக்கும் பள்ளியில் ஒரு பையனை ‘நம்ம பய’ என்று முதலில் அழைப்பது சாதி. 2019இல் கயிறுகளுக்கு எதிராக ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய நிலையே தொடரும் என்று அமைச்சர் சொன்னார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதற்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது: கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, 500 மாணவர்களுக்கு மேலுள்ள பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும். கயிறு அறுபட வேண்டும், சந்தேகமில்லை. அறுந்த இடத்தில் பள்ளி எதைக் கட்டப்போகிறது?

எங்கள் எட்டுத் தட்டுக்கே திரும்புகிறேன். எங்கள் அறையில் ஒன்பது பேர். ஊறுகாய் எட்டுத் தட்டுக்குப் போனது. ஒன்பதாவது பையன் தட்டோடு வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிடுவான். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ‘படிப்பு ஏறல’ என்றார் வார்டன். நாங்களும் நம்பிக்கொண்டோம். அவனுக்கு நாங்கள்தான் வலி. அந்தத் தாழ்வாரத்து விளக்கை இத்தனை வருஷமாகக் கவித்துவமாக நினைவுகூர்ந்துகொண்டிருக்கிறேன்; அதன் வெளிச்சம் வராந்தா வரை எட்டவில்லை.

ஆகவே நலம் என்பதை நட்பிடம் ஒப்படைத்துவிட முடியாது. ஆலோசகரிடம் மட்டும் ஒப்படைப்பதும் சரியல்ல. தேர்வுக்கு முந்தைய வாரம் வந்து மூச்சை இழுத்துவிடச் சொல்லும் ‘மன அழுத்த மேலாண்மை’ வகுப்பு சுமையை இறக்குவதில்லை, முதுகைப் பழக்குகிறது. அதே பழைய வாக்கியம், கொஞ்சம் மென்மையான குரலில். ஒரு பிள்ளை உடைந்து நிற்கும்போது கேட்கும் காது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தைப் பாருங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. அந்தச் சட்டத்தின் குழந்தைக்கு வயது ஆறிலிருந்து பதினான்கு. நம் ‘ரெண்டு வருஷம்’ அதற்கு வெளியே விழுகிறது.

ஓர் ஆணையால் எதுவும் மாறாது என்பதும் உண்மையல்ல. 2017இல் மாநில அளவில் ‘முதலிடம்’ அறிவிப்பதை அரசு நிறுத்தியது. வானம் இடிந்து விழவில்லை. பிளெக்ஸ் பேனர்களில் அது தொடர்கிறது என்பது வேறு விஷயம். செயல்பாட்டாளர்கள் பாடத்திட்டத்துக்காகவும் மொழிக்காகவும் போராடியது போலப் பிள்ளைகளின் நேரத்துக்காகவும் போராட வேண்டும். விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குத் தூக்கிக் கொடுப்பது சின்ன விஷயமில்லை. எழுத்தாளர்கள் பள்ளியை மலரும் நினைவாகவோ மரணச் செய்தியாகவோ மட்டும் எழுதாமல், ஒரு சாதாரணப் புதன்கிழமையை எழுதிப் பார்க்கலாம்.

அக்கா மகளிடம் திரும்பக் கேட்டேன்: ‘உனக்கு என்ன வேணும்?’ பெரிதாக ஏதோ சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். ‘ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிஷந்தான் போன் தர்றாங்க. அரைமணி நேரம் கேளு மாமா. எல்லாருக்கும் கேளு.’

நானும் அக்காவும் போனோம். வார்டன் நல்ல மனிதர், டீ வரவழைத்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: ‘ரெண்டு வருஷந்தானே சார். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டா...’ அந்த வாக்கியத்தை முடிக்க அவருக்குத் தேவையே இருக்கவில்லை.

எழுத்தில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். கீழே பதிமூன்று பெற்றோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ‘எல்லாருக்கும்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டது அக்கா.