குபேருக்கு அங்கே ஓட்டு இருந்தது

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, ஜனாதிபதித் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரே வாதம் காதில் விழும். "பிரான்ஸைப் பாருங்க, மக்களே நேரடியா ஓட்டுப் போட்டு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறாங்க. அதனால அவருக்கு அதிகாரம் இருக்கு. நம்ம ஊர்ல எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறாங்க. அதனாலதான் ரப்பர் ஸ்டாம்ப்." கேட்பதற்குச் சரி என்றுதான் தோன்றும். ஆனால் பிரான்ஸ் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் இந்த வாதம் நிற்பதில்லை. அது விரல் வைக்கும் இடம் தவறு. உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. அதைக் காட்ட நமக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு: புதுச்சேரி.

முதலில் பிரான்ஸ். அங்கேயும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான். 1875 ஜனவரி 30 அன்று, வாலோன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம் 353-க்கு 352 என்று ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அதன் சாரம் இதுதான்: மேலவையும் கீழவையும் ஒன்றாகக் கூடி, அறுதிப் பெரும்பான்மையில் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும், பதவிக்காலம் ஏழு ஆண்டு. கூடும் இடம் பாரிஸ் அல்ல, வெர்சாய் அரண்மனை. வேட்புமனு கிடையாது, விவாதம் கிடையாது. சீட்டில் பெயரை எழுதிப் பெட்டியில் போட வேண்டியதுதான். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை என்றால் மறுபடியும் ஓட்டு, மறுபடியும் எண்ணிக்கை.

இந்த ஏற்பாட்டில் வந்த ஜனாதிபதிகள் பலவீனமாக இருந்தது உண்மை. ஆனால் காரணம் தேர்தல் முறையா? 1877-ல் நடந்ததைப் பாருங்க. அன்றைய ஜனாதிபதி மக்மஹோனும் அவையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான். குடியரசுக் கட்சியினரின் பெரும்பான்மை பிடிக்காமல் கீழவையைக் கலைத்தார். மக்கள் அதே பெரும்பான்மையைத் திருப்பி அனுப்பினார்கள். 1879 ஜனவரியில் அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. அடுத்து வந்த கிரேவி, நாடாளுமன்றத்தின் விருப்பத்தோடு மோத மாட்டேன் என்ற நிலையை எடுத்தார். அதன்பிறகு மூன்றாம் குடியரசு முடியும்வரை எந்த ஜனாதிபதியும் கீழவையைக் கலைக்கவில்லை. சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. அதிகாரம் மட்டும் கைமாறிவிட்டது. அதாவது ஜனாதிபதியைப் பலவீனமாக்கியது ஒரு அரசியல் தோல்வியும், அதிலிருந்து உருவான வழக்கமும்.

வழக்கம் உருவான பிறகு, பலவீனமான ஆளையே தேர்ந்தெடுப்பது உறுப்பினர்களுக்கும் வசதியாகிவிட்டது. 1920-ல் முதல் உலகப்போரை வென்று கொடுத்த பிரதமர் கிளெமான்சோ ஜனாதிபதி ஆவார் என்றுதான் வெளியுலகம் நினைத்தது. 'புலி' என்று பெயர் வாங்கிய மனிதர். உறுப்பினர்கள் அவரை விரும்பவில்லை. முதல் நாள் நடந்த முன்னோட்ட வாக்கெடுப்பில் தெஷானேலுக்கு 408, கிளெமான்சோவுக்கு 389. புலி ஒதுங்கிக்கொண்டது. அந்த தெஷானேல் சில மாதங்களில் உடல்நலம் கெட்டு, ஒருநாள் இரவு ஓடும் ரயிலிலிருந்து இரவு உடையோடு கீழே விழுந்து, செப்டம்பரில் பதவி விலகினார்.

உச்சக்கட்டம் 1953 டிசம்பர். 17-ஆம் தேதி ஓட்டெடுப்பு தொடங்கியது. பிரதமர் லானியேல் முன்னணியில் இருந்தார், ஆனால் பெரும்பான்மை வரவில்லை. ஒரு வாரம் இழுத்தது. கடைசியில், ஆரம்பத்தில் போட்டியிலேயே இல்லாத ரெனே கோத்தி என்பவர் 13-ஆவது சுற்றில் 477 ஓட்டு வாங்கி ஜெயித்தார். நாடே சிரித்தது.

சரி, புதுச்சேரிக்கு வருவோம். வெர்சாயில் ஓட்டுப் போட்டவர்கள் பிரான்ஸ் மண்ணின் பிரதிநிதிகள் மட்டுமல்ல. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் அடங்கிய பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் இடம் இருந்தது. மூன்றாம் குடியரசில் கீழவைக்கு ஒருவர், மேலவைக்கு ஒருவர். ஆகவே பிரான்சின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, சட்டப்படி, புதுச்சேரிக்காரர்களின் பிரதிநிதிக்கும் உண்டு.

கேட்கவே ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? இந்தப் பக்கம் பூந்தமல்லியும் திருமழிசையும் லண்டன் அனுப்பிவைக்கும் வைஸ்ராயின் கீழ் இருந்த காலம் அது. ஆனால் உடனே பெருமைப்பட்டுவிட வேண்டாம். அந்தப் பிரதிநிதி யார் என்று பார்க்க வேண்டும். பல பத்தாண்டுகள் அந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள் பிரான்சைச் சேர்ந்த அரசியல்வாதிகள். 1910-ல் ஜெயித்த போல் புளூய்சென் பாரிஸ் பத்திரிகைக்காரர். 1914-ல் அவரை எதிர்த்து நின்று தோற்றவர் போல் ரிஷார். பின்னாளில் அரவிந்தர் ஆசிரமத்தின் 'அன்னை' ஆன மீரா அல்பாசா, முதன்முதலில் புதுச்சேரி வந்தது இந்த ரிஷாரின் மனைவியாகத்தான். பாரிஸிலிருந்து கப்பலேறி வந்து ஓட்டுக் கேட்பவர்கள் ஒருபக்கம், ஓட்டுகளைத் திரட்டித்தரும் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் இன்னொருபக்கம். கள்ள ஓட்டுக்கும் அடிதடிக்கும் பேர்போன தேர்தல்கள் அவை. இப்படி வந்த ஒருவர் வெர்சாயில் போடும் சீட்டைப் 'புதுச்சேரி மக்களின் ஓட்டு' என்று சொல்ல முடியுமா? மறைமுகத் தேர்தல் ஒரு சங்கிலி மாதிரி. முதல் வளையம் துரு என்றால் கடைசி வளையம் தங்கமாக இருந்தும் பயனில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. 1947 ஜனவரி 16 அன்று வான்சான் ஓரியோல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது பிரெஞ்சிந்தியாவின் கீழவை உறுப்பினர் லம்பேர் சரவணே. இந்தியா சுதந்திரம் அடைய இன்னும் ஏழு மாதம் இருந்தது. 1951-ல் அந்த இடத்துக்கு வந்தவர் எதுவார் குபேர். புதுச்சேரி போனவர்களுக்கு 'குபேர் மார்க்கெட்' தெரிந்திருக்கும், அந்தக் குபேர்தான். ரெனே கோத்திக்காகப் பதின்மூன்று சுற்று ஓட்டெடுப்பு நடந்த அந்த டிசம்பரில் சட்டப்படி ஓட்டுரிமை உள்ளவர்களில் அவரும் ஒருவர். மூன்றே மாதத்தில், 1954 மார்ச்சில், அதே குபேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று பக்கம் மாறினார்.

இணைப்பும் மறைமுக ஓட்டில்தான் முடிவானது. 1954 அக்டோபர் 18, கீழூர். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியா வசம் வந்தது. ஒரு ஊர் எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பதையே 178 பேர் முடிவு செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்க.

பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்து சட்டப்படியான கைமாற்றம் முடிந்தது 1962 ஆகஸ்டில். அதே வருஷம் அக்டோபர் 28 அன்று தெ கோல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். சுமார் 62 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். முதல் நேரடித் தேர்தல் நடந்தது 1965-ல்.

இந்த இடத்தில்தான் 'நேரடித் தேர்தல் என்றால் அதிகாரம்' என்ற வாதம் சரிகிறது. தெ கோல் 1958-ல் ஜனாதிபதி ஆனது நேரடித் தேர்தலில் அல்ல. எம்.பி.க்கள், மாவட்ட உறுப்பினர்கள், மேயர்கள், நகரசபைப் பிரதிநிதிகள் என சுமார் 80,000 பேர் கொண்ட வாக்காளர் குழு தேர்ந்தெடுத்தது. அப்போதே அவர் கையில் பெரிய அதிகாரங்கள் இருந்தன, காரணம் 1958 அரசியலமைப்பு. அதிகாரம் முதலில் வந்தது, நேரடி ஓட்டு நான்கு வருஷம் கழித்து வந்தது. இதற்கு நேரெதிராக அயர்லாந்தில் ஜனாதிபதியை மக்கள் நேரடியாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். பதவியோ பெரும்பாலும் சம்பிரதாயம்தான். நம் அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா நேரடித் தேர்தல் வேண்டும் என்றார். உண்மையான அதிகாரம் தராத பதவிக்கு நாடு முழுக்க ஓட்டெடுப்பு பொருந்தாது என்றார் நேரு. அதிகாரம் வேறு, தேர்தல் முறை வேறு என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அப்படியானால் நம் முறையில் குறையே இல்லையா? இருக்கிறது. 'மறைமுகம்' என்பது அல்ல அந்தக் குறை. பட்டியலில் யார் இருக்கிறார்கள், யாருடைய ஓட்டுக்கு எவ்வளவு எடை, போட்ட ஓட்டை நாம் பார்க்க முடிகிறதா என்ற மூன்று கேள்விகளில் இருக்கிறது.

முதல் கேள்விக்கு மறுபடியும் குபேர். 1963 ஜூலையில் புதுச்சேரிக்குச் சட்டமன்றம் வந்தது, அவர் முதல் முதலமைச்சர் ஆனார். ஆனால் அரசியலமைப்பின் 54-ஆவது பிரிவு ஜனாதிபதித் தேர்தலில் மாநிலச் சட்டமன்றங்களுக்குத்தான் ஓட்டு என்றது. புதுச்சேரி யூனியன் பிரதேசம். அவர் பதவியில் இருந்த காலத்தில் ஜனாதிபதித் தேர்தல் வரவில்லை. வந்திருந்தாலும் முதலமைச்சருக்கு ஓட்டு கிடையாது. சுமார் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்த நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்க உரிமை இருந்த மனிதருக்கு, சொந்த நாட்டில் அந்த உரிமை இல்லை! 1969-ல் வி.வி. கிரியும் சஞ்சீவ ரெட்டியும் மோதி, இரண்டாவது விருப்ப ஓட்டுகளை எண்ணிய பிறகே முடிவு தெரிந்த தேர்தலில், புதுச்சேரி முதலமைச்சர் ஃபரூக் மரைக்காயர் வேடிக்கைதான் பார்க்க முடிந்தது. புதுச்சேரியின் எம்.பி.க்களுக்கு ஓட்டு இருந்தது. மக்களுக்கு இன்னும் அருகில் இருந்த சட்டமன்றத்துக்கு இல்லை. 70-ஆவது திருத்தம் 1992-ல் நிறைவேறி 1995 ஜூனில் அமலுக்கு வந்தது. டெல்லி, புதுச்சேரி சட்டமன்றங்கள் முதன்முதலில் ஓட்டுப் போட்டது 1997-ல், கே.ஆர். நாராயணனும் டி.என். சேஷனும் நின்றபோது. முப்பத்து நான்கு வருஷத் தாமதம்.

இரண்டாவது, எடை. நான் இருக்கும் திருமழிசை, பூந்தமல்லி சட்டமன்றத் தொகுதியிலும் திருவள்ளூர் மக்களவைத் தொகுதியிலும் வருகிறது. 2022-ல் எங்கள் எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு 176, எம்.பி.யுடையது 700. இந்த 176 எப்படி வந்தது? 1971-ல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 4 கோடியே 12 லட்சம். அதை 234 ஆல் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் 176. இதே கணக்கில் உத்தரப்பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 208, புதுச்சேரிக்கு 16. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறிய மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்றுதான் 1971 கணக்கு உறைய வைக்கப்பட்டது. 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரைதான் அந்தப் பாதுகாப்பு. வெறும் உதாரணத்துக்கு 2011 கணக்கெடுப்பை வைத்துப் போட்டுப் பார்த்தேன். இடங்களின் எண்ணிக்கை மாறாது என்று வைத்துக்கொண்டால் தமிழ்நாட்டுக்கு 308, உத்தரப்பிரதேசத்துக்கு 496 வருகிறது. இன்று ஆறுக்கு ஏழு என்று இருக்கும் விகிதம், ஐந்துக்கு எட்டு என்று ஆகிவிடும். தொகுதி மறுவரையறை பற்றி இவ்வளவு பேசுகிறோம். ஜனாதிபதித் தேர்தலில் இது என்ன செய்யும் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை.

மூன்றாவது, பார்வை. வெர்சாயில் ரகசிய ஓட்டு, இங்கேயும் ரகசிய ஓட்டு. கட்சிக் கொறடா உத்தரவு போட முடியாது. மனசாட்சிப்படி ஓட்டுப் போட இது வழி என்பார்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. கட்சி மேலிடத்துக்குப் பயப்படாமல் இருக்கலாம். ஆனால் ரகசிய ஓட்டு என்பது பலவீனமான குடிமகனை அதிகாரத்திடமிருந்து காப்பாற்ற வந்த ஏற்பாடு. எம்.எல்.ஏ. போடுவது அவருடைய ஓட்டு மட்டுமல்ல. 176 என்ற எண்ணை அவருக்குக் கொடுத்தது தமிழ்நாட்டு மக்களின் தலைக்கணக்கு. அதை எங்கே போட்டார் என்று எங்களுக்குத் தெரியாமல் இருப்பது எப்படி நியாயம்? மாநிலங்களவைத் தேர்தலில் 2003-லிருந்து சீட்டைக் கட்சி ஏஜெண்டிடம் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கட்சிக்குக் காட்டலாம், தொகுதிக்குக் காட்டக் கூடாது என்றால் என்ன அர்த்தம்? கிளெமான்சோவைத் தோற்கடித்தவர்கள் யார் யார் என்று அவர்களுடைய ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தால், 408 பேரில் எத்தனை பேர் அப்படி எழுதியிருப்பார்கள்?

இன்றைக்கும் பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தல் நாளில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் வரிசையில் நின்று நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். அதே தெருவில் இருக்கும் இந்தியக் குடிமகனுக்கு எம்.எல்.ஏ. வழியாகப் பதினாறு. இதைப் பார்த்து 'நமக்கும் நேரடித் தேர்தல் வேண்டும்' என்று கேட்பது சுலபம். நான் அதைக் கேட்கவில்லை. அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2027-ல் வருகிறது. நம் எம்.எல்.ஏ. யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அவரே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தொகுதியிலும் கேட்கலாமே. இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை.