பாஞ்சாலியின் கேள்விக்கு விடை எங்கே?

கூத்து வாழ வேண்டும் என்கின்றனர் கலை காப்போர். வாழட்டும், வேண்டாமென்பார் யார்? எந்தக் கூத்து வாழ வேண்டும், யார் ஆட வாழ வேண்டும் என்று கேட்டால்தான் அவர்கள் வாய் அடைத்துப் போகிறது. அதைக் கேட்பது நம் கடமை.

புதுவையைச் சுற்றிய சிற்றூர்களிலும் செஞ்சி, காஞ்சிபுரம் வட்டாரங்களிலும் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய நடப்பது தெருக்கூத்து. மரக்கட்டையால் ஆன கிரீடமும் புயக்கட்டையும் மின்ன, மத்தளமும் முகவீணையும் முழங்கும். புராணக் குப்பை என்று அதனைத் தள்ளிவிடும் தோழர்களும் உண்டு. அவர்களோடு நாம் உடன்படவில்லை. துகில் கூத்தை எண்ணிப் பாருங்கள். தன்னையே தோற்ற கணவன் தன்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று அவையைக் கேட்கிறாள் பாஞ்சாலி. பாட்டனும் ஆசானும் தலை குனிகின்றனர். கட்டியங்காரனோ மன்னனை ஊரறிய எள்ளுகிறான். வளரும் சேலை புராணம். அவள் தொடுக்கும் வழக்கு பகுத்தறிவன்றோ!

1977-இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் கலை நகரத்து நாடகக்காரருக்குப் பாடமாயிற்று. நல்லதே. ஆனால் இரவு முழுதும் ஆடியதை ஒரு மணி நேரத்துக்குள் நறுக்கும்போது எது வெட்டுப்படுகிறது? பாஞ்சாலியின் வழக்கும் கட்டியங்காரனின் நையாண்டியும் போய், கிறுகிறுவென்ற சுழற்சியும் பளபளப்பும் மட்டும் எஞ்சினால், அது கூத்தாகாது, கூத்தின் உடுப்பு!

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பெண்ணுரிமை பேசும் அந்தப் பாஞ்சாலியாக நெடுங்காலம் ஆடியவர் ஆடவரே. பெண்ணின் கேள்வியைக் கேட்கப் பெண்ணுக்கு மேடை இல்லை!

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. பீக்கிங் இசைநாடகத்தில் பெண் வேடத்தால் உலகப் புகழ் கொண்ட மெய் லான்பாங் (1894–1961) ஓர் ஆடவர். இன்று அங்கே பெரும்பாலும் பெண்களே அவ்வேடங்களை ஏற்கின்றனர். 1966-இல் எழுந்த பண்பாட்டுப் புரட்சி பழைய நாடகங்களைத் தடுத்து, ‘மாதிரி நாடகங்கள்’ சிலவற்றையே ஆடவிட்டது. பத்தாண்டுக்குப் பின் பழையவை மேடைக்கு மீண்டன. 2010-இல் அக்கலை யுனெசுகோவின் பட்டியலிலும் ஏறியது. தடையால் கலை திருந்துவதில்லை. பட்டியலால் மட்டும் அது வாழ்வதுமில்லை. ஆடுவோரும் காண்போரும் வேண்டும்.

ஆடுவோரை உருவாக்கும் வழியைக் காஞ்சிபுரத்தருகே ஒரு பள்ளி காட்டிற்று. பெ. இராசகோபாலும் அன்னே டி புருயினும் வழிநடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம், 2002 முதல் சிறுவர் சிறுமியர் இருபாலார்க்கும் கல்வியும் கூத்தும் சேர்த்துக் கற்பித்தது. சிறுமியர் கட்டை வேடமும் ஏற்றனர். இது சீர்திருத்தம்! 2020-இல் அப்பள்ளி மூடப்பட்டது. அதன் இடத்தை நிரப்புவது யார்?

புதுவைப் பல்கலைக்கழகம் தன் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாசு சுவாமிகளின் பெயரைச் சூட்டியிருக்கிறது. 1922-இல் இவ்வூரில் மறைந்த நாடகப் பேராசானுக்கு அது தக்க சிறப்பே. அச்சிறப்பு சிற்றூர்க் கூத்தனின் குடிசையையும் எட்ட வேண்டாமா? திருவிழாக் காலத்தில் அரசனாக ஆடி, மற்ற நாளில் கூலிக்கு மண் வெட்டுகிறவன் தன் மகளுக்கு எதைக் காட்டிக் கூத்தைக் கற்பிப்பான்?

இளைஞர்களே! பொன்னாடையும் விருதும் பிறகு ஆகட்டும். கூத்தனுக்கு ஊதியம், அவன் பிள்ளைக்குப் பள்ளி, பெண்ணுக்கு மேடை: இம்மூன்றையும் கேளுங்கள். கூத்து நடக்கும் இரவில் தெருவிலே போய் அமருங்கள். பாஞ்சாலி கேட்கும்போது, அவையைப் போல நாமும் தலை குனிந்திருக்கலாகாது!